துரைக்கு ஒத்துக்கிற தீனி

“இதைவிட நல்லதா வேணும். ஆனா இதைவிட விலை கம்மியா இருக்கணும்” என்றார் ஸ்டோர் கீப்பர்.

நாய்த் தீனி அடுக்கியிருந்த வரிசையில் நின்ற கடைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நல்லவேளை, தமிழ் தெரிந்தவள். “அப்படி ஒண்ணு கிடைச்சா எனக்கும் சொல்லுங்க சார், நானும் வாங்கிக்கிறேன்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மலிவான பையில் பாதிக்கு மேல் வெறும் மாவு என்று அவளே சொல்லிவிட்டாள். நல்ல பையைத் தூக்கினால் அவருடைய ஒரு வாரச் சாப்பாடு அதோடு போய்விடும். பிழைக்க வந்த ஊரில் ஏறி இறங்கிய கடையெல்லாம் இதே கதைதான்.

“வழக்கமா என்ன சாப்பிடும்?”

“தெரியாதும்மா. எங்க மேனேஜர் வீட்டு நாய். குடும்பத்தோட லீவுல போயிருக்காரு.”

“அவரையே கேட்டுட வேண்டியதுதானே?”

கேட்கலாம்தான். லீவில் இருக்கும் மேனேஜருக்குப் போன் போட்டவன் கதி என்னவென்று கம்பெனிக்கே தெரியும். போதாக்குறைக்கு, சொல்ல முடியாத தப்பு ஒன்றும் நடந்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மேனேஜர் போனில் சொன்னது இவ்வளவுதான். “காலையில ஏர்போர்ட் போற வழியில துரையை குடோன் பின் கேட்டுல கட்டிட்டுப் போறேன். பழுப்புக் கலர், சிவப்புப் பட்டை. வர்ற வரைக்கும் உங்களோட வச்சுக்குங்க. நல்ல தீனியா வாங்கிப் போடுங்க, கண்டது ஒத்துக்காது. வந்ததும் உங்க கான்ட்ராக்ட் விஷயம் பேசலாம்.”

கான்ட்ராக்ட் என்றதுமே இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் விசா. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துப் போகவேண்டியதுதான்.

மறுநாள் பின் கேட்டில் பழுப்பு நாய் இருந்தது, பட்டை இல்லை. அறுத்துக்கொண்டு போய் எங்கோ புரண்டுவிட்டு வந்ததுபோல உடம்பெல்லாம் சேறு. முதல் நாளே பட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

கடைசியில் நல்ல பையையே எடுத்தார். கூடவே ஒரு சிவப்புப் பட்டையும் வாங்கினார்.

கம்பெனி கொடுத்த அறையில் அவரோடு தங்கியிருப்பவர் கான்டீன் சமையல்காரர். “ரூம்ல நாய் வைக்கக் கூடாதுன்னு வாசல்லயே போர்டு தொங்குது தம்பி” என்றார்.

“மேனேஜர் நாய்க்குமாண்ணே?”

சமையல்காரர் தன் செருப்பைத் தள்ளி வைத்து நாய்க்கு இடம் விட்டார்.

ஸ்டோர் கீப்பர் தீனியைத் தட்டில் கொட்டினார். துரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “துரை, சாப்பிடு துரை” என்று கெஞ்சினார். பெயரைச் சொன்னால் அதன் காதுகூட அசையவில்லை. வெந்நீரில் ஊறவைத்தார், கையில் எடுத்து ஊட்டிப் பார்த்தார். ஊஹூம்.

“பெரிய இடத்துப் பிள்ளை. நம்ம கையால சாப்பிடுமா?” என்றபடி சமையல்காரர் காய்ந்த ரொட்டியைக் குப்பைக்கூடையில் போட்டார். போட்டதுதான் தாமதம், துரை ஒரே பாய்ச்சலில் கூடையைக் கவிழ்த்துவிட்டது.

“ஐயோ, பிடுங்குங்கண்ணே! அதுக்கு ஒத்துக்காது!”

பிடுங்கியாயிற்று. துரை மூலையில் சுருண்டுகொண்டு ஸ்டோர் கீப்பரையே பார்த்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கிறதே என்று பாதி, கையெழுத்துப் போய்விடுமே என்று மீதி.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மனைவி கூப்பிட்டாள். “என்னங்க, இந்த மாசம் பணம் குறைச்சலா வந்திருக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் கைச்செலவு.”

நாய்ச் சாப்பாட்டுக்குப் போனது என்று சொன்னால் அவள் நம்பவா போகிறாள்?

கடைசியில் சமையல்காரர்தான் ஒரு வழி சொன்னார். தீனியை இடித்து, ரொட்டித் தூளில் புரட்டிக் கொடுத்தார்கள். தட்டு பளபளவென்று காலியானது. பிறகு பை தீரத்தீர வாங்கினார். துரையின் உடம்பு தேறியது, அவருடைய பேன்ட்தான் இடுப்பில் நிற்கவில்லை. அவர் எங்கே போனாலும் துரை காலைச் சுற்றிக்கொண்டே வந்தது.

மேனேஜர் திரும்பிய அன்று துரையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, புதுப் பட்டையை மாட்டி, அவர் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். பட்டை ஏன் புதுசு என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் தயாராக இருந்தது. மணியை அழுத்தினார்.

மேனேஜரே கதவைத் திறந்தார். குனிந்து நாயைத் தடவிக்கொடுத்தார். “பரவாயில்லையே, நல்லா கொழுகொழுன்னு வச்சிருக்கீங்களே!”

ஸ்டோர் கீப்பருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கையெழுத்துக் கிடைத்த மாதிரிதான்.

உள்ளேயிருந்து மேனேஜரின் மனைவி வந்தாள். அவள் இடுப்பில் ஒரு பழுப்பு நாய், கழுத்தில் வெளுத்துப்போன சிவப்புப் பட்டை.

“துரையைக் கடைசி நேரத்துல மச்சான் வீட்டுல விட்டுட்டோம். உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன், அவசரத்துல மறந்தே போச்சு” என்றார் மேனேஜர்.

ஸ்டோர் கீப்பரின் காலுக்குப் பின்னால் எதுவோ ஒண்டிக்கொண்டது. மேனேஜர் அதைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“ஆமா, கம்பெனி ரூம்ல நாய் வளர்க்கலாம்னு உங்களுக்கு யார் சொன்னது?”