பைன் காட்டில் வீடு கூடாது

"சரி, பைன் காட்டுல ஒரு வீடுகூட வராது. போதுமா?" என்று கட்டடக்காரர் டூவேன் ஒருவழியாக இறங்கிவந்தபோது, ஊரில் வீடு கட்ட அனுமதி தரும் திட்டக்குழுவின் தலைவர் வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நியூ ஹாம்ப்ஷயர் சிற்றூரின் மன்றக் கட்டடத்தில் அன்று மடக்கு நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை.

சுவரில் புது வரைபடம் தொங்கியது. பழைய பால்பண்ணை நிலத்தில் வரப்போகும் வீடுகள் எல்லாம் சாலையோரப் புல்வெளிக்கு நகர்ந்திருந்தன. பின்னால் இருந்த பைன் காடு முழுக்கப் பச்சை. அது திறந்தவெளி, எதுவும் கட்டாமல் விடப்படும் இடம்.

நிலத்தில் பாதியைத் திறந்தவெளியாக விட்டாக வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். எந்தப் பாதி என்பதில்தான் குளிர்காலம் முழுக்க இழுபறி.

காட்டுக்குள் வீடு கட்டினால் நல்ல விலை போகும். டூவேனை அங்கிருந்து கிளப்புவது கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது.

"காட்டைப் பிடிச்சுத் தொங்குறீங்களே, அங்க இருக்கிற அணிலுக்கெல்லாம் இந்த ஊர்ல ஓட்டு இருக்கா?" என்று ஒருமுறை கேலி செய்தார். பாவம், அவர் வெளியூர்க்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ரோவீனா உட்கார்ந்திருந்தாள்.

அவள் மகள் டெல்ஃபீன், பள்ளியிறுதி ஆண்டில், ஓர் இலையுதிர்கால மாலையில் யாரோடோ அந்தக் காட்டுப் பாதையில் போனாள். திரும்பவில்லை.

மோப்ப நாய்கள் வந்தன. ஹெலிகாப்டர் வந்தது. ஊரே வரிசை பிடித்து மரத்துக்கு மரம் நடந்தது. வெண்டலும் நடந்தார். ஒற்றைக் கையுறை கிடைத்ததோடு சரி.

பெண் அந்த மண்ணுக்குள்தான் எங்கோ கிடக்கிறாள் என்று ஊரே நம்பியது. ஒருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான். துக்க வீட்டு வாசலில் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்வார்கள். சுடச்சுட பீன்ஸ் பாத்திரத்தை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவார்கள். வருஷக்கணக்கில் செய்வார்கள். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

முதல் கூட்டத்தில், வரைபடத்தில் காட்டுக்குள் வீடுகளைப் பார்த்ததும் ரோவீனா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். அவளோடு ஒரே வகுப்பில் படித்த வெண்டல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மண்ணில் இயந்திரத்தை ஏறவிடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

மற்ற உறுப்பினர்களிடம் அவர் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஒருவர் ஈரநிலம் என்றார், ஒருவர் ஆந்தைக்கூடு என்றார், இன்னொருவர் சரிவு என்றார். டூவேனும் எவ்வளவுதான் தாங்குவார்?

"வேற யாராவது பேசணுமா?" என்று வெண்டல் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

ரோவீனா எழுந்தாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

இத்தனை பேர் நடுவில் இவளை அழவிட்டு வேடிக்கை பார்ப்பதா என்று வெண்டலுக்குப் பதறியது.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம், ரோவீனா. எங்க எல்லாருக்கும் தெரியும். உட்காரு."

சுத்தியலைத் தட்டினார். பொதுமக்கள் பேசும் நேரம் முடிந்தது. அதன்பின் உறுப்பினர்களைத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது. ரோவீனா உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. காட்டில் மரம் வெட்டக் கூடாது, மண் தோண்டக் கூடாது, யார் கைக்கு நிலம் மாறினாலும் என்றென்றைக்கும் கூடாது. டூவேன் அங்கேயே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் வெண்டல் அவளிடம் போனார். உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று மனம் நிறைந்திருந்தது.

"இனிமே டெல்ஃபீனை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க," என்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவளிடம் சொல்வது அதுவே முதல் தடவை.

ரோவீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்கு வீடு நிலவறை தோண்டுவாங்கல்ல, வெண்டல்?" என்றாள். "எங்கேன்னு தோண்டுறதுன்னு போலீஸ் கையை விரிச்சுட்டாங்க. நான் மண்வெட்டியோட போனா பண்ணைக்காரர் விரட்டுவார். வீடு வருதுன்னு கேள்விப்பட்டதும், எப்படியும் என் பொண்ணு கிடைச்சிடுவான்னு நினைச்சேன். கல்லறைக்குச் சொல்லிக்கூட வச்சுட்டேன்."

வெண்டல் மேஜைமேல் இருந்த பத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் மாத்திக்க முடியாதா?" என்று அவள் கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

யார் நினைத்தாலும், எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் மாற்ற முடியாதபடி எழுத வேண்டும் என்று வக்கீலைத் திரும்பத் திரும்பத் திருத்தவைத்தவர் அவர்தான்.