கிளட்ச்சில் கால்

“கிளட்ச்சுலயே கால வச்சு ஓட்டுதது யாரு? அதான் பேரிங் தேஞ்சிட்டு” என்றார், கிரீச்சிட்ட எங்கள் காரைப் பார்த்த மெக்கானிக் அலி அக்பர். நான் என் மனைவி அனுராதாவைக் காட்டினேன். அவள் என்னைக் காட்டினாள். புது பேரிங்கை மாட்டிவிட்டு, பழையதை என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

மறுநாள் அனுராதா காரை எடுத்தாள். கார் சத்தமில்லாமல் போனது. மேசையிலிருந்த பழைய பேரிங் கிரீச்சிட்டது. அவள் பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை ஓயவில்லை.

“ஒங் கால்தான்” என்றேன், அவள் திரும்பி வந்ததும்.

அடுத்த நாள் நான் காரில் சேரன்மகாதேவி போய்வந்தேன்.

“வழிநெடுக கத்திச்சு. ஒங்க கால்தான்” என்றாள்.

ஞாயிறு மதியம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். கார் வாசலில் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. பேரிங் கிரீச்சிட்டது.

“நான் இல்லங்க.”

“நானும் இல்ல.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே நம்பினோம்.