நாற்பத்தோரு கொலை

செய்தது நாற்பத்தோரு கொலை. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காபிக்கொட்டையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"இவரா?" என்றான் பிரகாஷ், பைக்கை ஓரங்கட்டியபடி.

"பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த ஷீனா.

நாற்பத்தோரு தடவையும் கொலையானது ஒரே பூதம். ஆன்லைன் விளையாட்டு ஒன்றில் பத்தாவது கோட்டைக்குக் காவல் அது. சேலத்தில் பிரகாஷின் டீம் அதனிடம் அறுபத்து மூன்று தடவை செத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டியிலும் செத்தால் கேப்டனை மாற்றுவோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். முதலில் சொன்னவள் ஷீனா.

பிரகாஷும் சும்மா இருக்கவில்லை. பூதத்தைப் பற்றி வந்த வீடியோ அத்தனையும் பார்த்து, அதன் பதினொரு தாக்குதலையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. படிக்கப் படிக்கத் தோல்வி கூடியதுதான் மிச்சம்.

வென்றவர்கள் பட்டியலில் முதல் ஆள் 'மாதேஸ்வரன், வெள்ளக்கடை'. விளையாட்டில் ஊரையும் சேர்த்துப் பெயராக வைத்த ஒரே ஆள் அவர்தான். அதனால் அந்த மலைக் கிராமத்தில் தேடிப் பிடிப்பது சுலபமாக இருந்தது.

"வாங்க கண்ணு, உக்காருங்க" என்று அவரே காபி கொண்டுவந்தார். பாதி டம்ளர் குடித்தபோது, அவர் பூதத்தை அடிக்கும் அதே போன் சிணுங்கியது. காலையில் சேலத்தில் பைக்கை எடுக்கும்போது பிரகாஷ் அனுப்பிய செய்தி இப்போதுதான் வந்தது.

"கெளம்பிட்டீங்களாமா. பாத்து வாங்க" என்று சிரித்தார் மாதேஸ்வரன். "எங்கூரு டவரு இப்படித்தானுங்க. எதுவும் ஆடி அசைஞ்சுதான் வந்து சேரும்."

பிரகாஷ் நேராக விஷயத்துக்கு வந்தான். "அண்ணா, பூதத்தை எப்படி அடிக்கிறீங்க?"

"நின்னு அடிப்பனுங்க."

'நின்னு' என்று எழுதி, ஷீனா அடிக்கோடு போட்டாள்.

"எவ்வளவு நேரம்ணா?"

"சாகற வரைக்குமுங்க."

மனுஷன் வித்தையை மறைக்கிறார் என்று பிரகாஷுக்கு ஆத்திரமாக வந்தது. காலில் விழாத குறையாக நோட்டை அவர் முன்னால் விரித்தான்.

"மறைக்காதீங்கண்ணா, என் மானமே போயிடும். இடது கையைத் தூக்கினா நெருப்பைக் கக்குது. வாயைத் திறந்தா ஆளு பனிக்கட்டி. வாலைச் சுத்தினா மொத்த டீமும் காலி. இது எல்லாத்துக்கும் நீங்க எப்படித் தப்பிக்கிறீங்க?"

மாதேஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார். நோட்டை வாங்கி, பதினொன்றையும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. ரகசியம் வரப்போகிறது என்று ஷீனா மறுபடி பேனாவைத் திறந்தாள்.

அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏங்கண்ணு, அது திருப்பி வேற அடிக்குமா?"