அக்கா கட்டிய கட்டணம்

"பதினெட்டு லட்சம்! அத்தனையும் என் சொந்தப் பணம். ஒரே கம்பெனி ஷேர்ல கொண்டு போய்க் கொட்டினேன். விலை இறங்கிச்சு. மலிவாக் கிடைக்குதேன்னு இன்னும் வாங்கினேன். எட்டே மாசம், வழிச்சுத் துடைச்சுட்டுப் போயிடுச்சு!"

இந்த இடத்தில் வழக்கம்போல் பேன்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். வகுப்பே சிரித்தது.

கடைசி வரிசையில் ஒரு முகம் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் பாக்கெட்டை உள்ளே தள்ள மறந்து நின்றான்.

அக்கா!

அந்தப் பதினெட்டு லட்சம் அவனுடையதே இல்லை. ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக ஓடி ஓடி அக்கா சேர்த்தது. சின்னதாக ஒரு வீடு வாங்க வைத்திருந்தாள். "வீடு அமையற வரைக்கும் நீயே பார்த்துக்கோடா. எனக்கு இதெல்லாம் புரியாது" என்று அவன் கையில் கொடுத்தாள்.

பணம் போன பிறகு அவள் முகத்தில் விழிக்கத் துணிச்சல் வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். எங்கே சறுக்கினோம் என்று ராப்பகலாகப் படித்தான். ஆபீஸில் நாலு பேர் சந்தேகம் கேட்க, இவன் சொல்லப் போக, கடைசியில் முதலீடு பற்றி வகுப்பெடுப்பதே தொழிலாகிவிட்டது. முதல் வகுப்பில் வாய் தவறி வந்த 'சொந்தப் பணம்' கைதட்டல் வாங்கிக் கொடுத்தது. அப்புறம் அதை மாற்ற மனசு வரவில்லை.

அக்காவின் கணக்குக்கு மாதம் தவறாமல் ஒரு தொகை போய்க்கொண்டுதான் இருந்தது. அவள் போனைத்தான் எடுப்பதில்லை. முதலில் தினமும் அடித்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். இப்போதெல்லாம் அவன் பிறந்தநாளுக்கு மட்டும்.

ஏழு வருஷம் கழித்து இன்று வகுப்புக்கே வந்துவிட்டாள். மானத்தை வாங்கத்தான், வேறென்ன?

கேள்வி நேரம் வந்தது. பேக்கரிக்காரர் ஒருவர் தங்கம் வாங்கலாமா என்று கேட்டார். ஏதோ பதில் சொன்னான். அடுத்து அக்கா கையைத் தூக்கினாள்.

"பணம் போச்சுன்னு சொன்னீங்க, சார். வேற எதுவும் போகலையா?"

முப்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின.

"வேற ஒண்ணும் போகலை, மேடம்" என்றான், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல. "அடுத்த கேள்வி?"

அக்கா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும், கூடுதல் கட்டணம் கட்டிய சிலரை மட்டும் உள்ளறையில் ஒவ்வொருவராகத் தனியே பார்ப்பான். நாலு பேர் வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. ஐந்தாவதாக அக்கா வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். எப்போதிலிருந்து இப்படி நடக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

கதவைச் சாத்தியதும் பொரிந்து தள்ளினான்.

"மாசாமாசம் அனுப்பறேன் இல்ல? இன்னும் ரெண்டு வருஷத்துல பூரா அடைஞ்சிடும். அதுக்குள்ள என்ன அவசரம்? அத்தனை பேர் முன்னாடி கேட்டு என் பொழப்பைக் கெடுக்கணுமா?"

அக்கா நாற்காலியை மெல்ல இழுத்து உட்கார்ந்தாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"உன் பணம்னு சொல்லாதது தப்புதான். சொன்னா எவன் என்கிட்ட வருவான்? கூடப்பிறந்தவ காசையே காலி பண்ணினவன்னு..." பாதியில் நிறுத்தினான். "சரி, மொத்தமும் இப்பவே வேணுமா? கடன் வாங்கியாவது தந்துடறேன். சொல்லு."

"பணமா? அது பாட்டுக்கு வந்துட்டுத்தானே இருக்கு. நான் என்னிக்காவது கேட்டேனா?"

யோசித்துப் பார்த்தான். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"அப்புறம் எதுக்கு நாலு மணி நேரம் பஸ்ல வந்தே? கட்டணம் வேற கட்டி?"

"போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறே. ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தேன். வெளியூர் போயிருக்கறதாச் சொல்லச் சொல்லிட்டே. கூடுதலாப் பணம் கட்டினவங்ககூட அரை மணி நேரம் தனியா உட்கார்ந்து பேசுவேன்னு உன் நோட்டீஸ்ல போட்டிருந்தது. கட்டிட்டேன்."

அக்கா சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷத்தை நீயே பேசித் தீர்த்துட்டே. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. சொல்லுடா, எப்படி இருக்கே?"