நீர் மாத்திரை

"மாமா, ஏழு மணி ஆச்சு. இனிமே தண்ணி காலையிலதான்."

எதிர்வீட்டு மருமகள் பெரியவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் நின்று பார்த்த டீச்சரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிட்டையர் ஆகி ஆறு வருஷமாகியும் அதட்டுகிற பழக்கம் மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

"ஏம்மா, பெத்த அப்பனா இருந்தா இப்படிப் பண்ணுவியா?"

"டாக்டர் சொன்னது டீச்சர்." உள்ளேயிருந்தே பதில் வந்தது.

பெரியவர் ராத்திரி நனைக்கிற படுக்கை விரிப்பைத் துவைக்க அலுப்பு, அதற்கு டாக்டர் பேரு என்று டீச்சரம்மா முடிவு கட்டிவிட்டார்.

"மாமனாருக்குத் தண்ணி காட்டுற மருமகளைப் பார்த்திருக்கேன். தண்ணியையே கண்ணுல காட்டாத மருமகளை இப்பதான் பாக்கறேன்" என்று மாடி மாடியாகச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் பெரியவர் தனியாக இருந்தபோது டீச்சரம்மா அவரிடம் கேட்டார். "என்ன மாத்திரைங்க குடுக்கறா?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஏதோ நீர் மாத்திரைம்மா."

கால் வீக்கத்துக்கு டீச்சரம்மாவும் நீர் மாத்திரைதான் போடுகிறார். போட்ட அரை மணியில் பாத்ரூமுக்கு ஓட வேண்டும். இவ்வளவு நீர் வெளியே போகிறவருக்கு நாக்கு வறளாதா?

அன்றிலிருந்து மருமகள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் பெரியவர் தலையணைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. "நீ நல்லா இருக்கணும்மா" என்பார் பெரியவர். டீச்சரம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

ஐந்தாம் நாள் காலை பெரியவர் வாந்தி எடுத்தார், என்னென்னவோ உளறினார், வலிப்பும் வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் மருமகள் ஏறினாள். பெரியவரின் மகனோடு டீச்சரம்மாவும் பின்னாலேயே ஓடினார்.

"சோடியம் அடியோட இறங்கிடுச்சு. நல்லவேளை, பிழைச்சுக்கிட்டார்" என்றார் டாக்டர். "ராத்திரி தண்ணி குடிச்சாரா?"

"நீர் மாத்திரைதானே டாக்டர்?" டீச்சரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க சொல்றது நீரைப் பிரிக்கிற மாத்திரைம்மா. இவருக்குக் குடுத்தது சிறுநீர் சுரக்கறதைக் குறைக்கிற மாத்திரை, செயற்கை ஹார்மோன். படுக்கை நனையுதுன்னு கூச்சப்பட்டார், எழுதிக் குடுத்தேன். இதைப் போட்டுட்டுத் தண்ணி குடிச்சா வெளிய போக வழியில்ல, ரத்தத்துல உப்பு குறைஞ்சு உயிருக்கே ஆபத்து. படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேனே, யார் குடுத்தது?"

டீச்சரம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் டாக்டர்" என்றாள் மருமகள். "பாவமா கேட்டாரு, மனசு கேக்கல."

"அறிவிருக்கா உனக்கு? அப்பாவைக் கொல்லப் பாத்தியே!" மகன் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு அப்பாவைப் பார்க்க உள்ளே போனான்.

டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் குடுத்தது உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் டீச்சர். வர்ற வழியில மாமா உங்க பேரைச் சொல்லித்தான் தண்ணி கேட்டுட்டு வந்தாரு."

"அப்புறம் எதுக்கும்மா பழியை உன் தலையில போட்டுக்கிட்ட?"

"உங்களைச் சொன்னா, அவரு உங்களை எங்க வாசப்படி மிதிக்க விடமாட்டாரு. பேசிச் சிரிக்க மாமாவுக்கு உங்களை விட்டா வேற யாரு இருக்காங்க?"