மரமா, கல்லா?

"கல் அறுக்குற மெஷின்னே போட்டுக்கலாமே அண்ணா" என்றார் சுங்க அதிகாரி.

அந்த 'அண்ணா'வே, இறக்குமதிச் சரக்கை வரி கட்டி எடுத்துத்தரும் கிளியரிங் ஏஜெண்டின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும் ஒரே தேர்வை எழுதியவர்கள். நாற்காலி தம்பிக்குப் போனது. அதன் எதிரே நிற்கும் பிழைப்பு மூத்தவருக்கு வாய்த்தது.

பக்கத்தில் நின்ற பட்டறை முதலாளிக்கு வரிக் கவலை. அவர் தருவித்த மெஷின் மரத்தையும் அறுக்கும், கல்லையும் அறுக்கும். முக்கிய வேலை எதுவோ, அந்தப் பிரிவில் வரி. கல்லுக்கு வரி அதிகம் என்று துறைமுகமே அறியும். இதில் கோட்டைவிட்டால் முதலாளி வேறு ஏஜெண்டைப் பார்த்துக்கொள்வார்.

"நம்பி வந்தவரை மொட்டையடிக்கப் பாக்குறியா? இது மர மெஷின்!"

"ஒரு நிமிஷம், நான் சொல்றதை..."

"நீ சொல்லி நான் கேக்கணுமா? உனக்குச் சட்டை பட்டன் போட்டுவிட்டவன்டா நான்!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. தம்பி பெருமூச்சு விட்டு, மரம் என்றே எழுதிக் கையெழுத்திட்டார்.

அண்ணன் மீசையை நீவியபடி வெளியே வந்தார். "பாத்தீங்களா? எங்க வீட்ல இன்னும் மூத்தவன் பேச்சுதான்."

முதலாளி வாசல் அறிவிப்புப் பலகையின் முன் நின்றுவிட்டார்.

"குடியைக் கெடுத்தீங்களே ஐயா! நேத்துலேர்ந்து கல்லுக்கு வரியைப் பாதியாக் குறைச்சு, மரத்துக்கு ஏத்திட்டாங்க. இதை நீங்க பாக்கலையா?"

அண்ணன் பார்த்திருந்தார். காலையில் அதே இடத்தில்தான் நின்றார். அடியில் தம்பியின் கையெழுத்தைக் கண்டதும், மேலே ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.