இருவாச்சி கொடுத்த வக்கீல் பீஸ்

அலகு நுழையும் துளை மட்டும் விட்டு மண் பூசி அடைத்த மரப்பொந்துக்குள் பெண் இருவாச்சி குஞ்சோடு கிடந்தது. பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டிய ஆண் இருவாச்சி, உறவை முறித்துக்கொண்டு, அலகு நிறையப் பழத்தோடு பொந்தைத் தாண்டிப் பறந்தது.

“ஏங்க, பிள்ளை பசியில கத்துது. ஒண்ணாவது போட்டுட்டுப் போங்க.”

“இதெல்லாம் குரங்கு வக்கீலுக்குடி. பிள்ளைக்கு ஒரு பழமும் தர வேண்டாம்னு தீர்ப்பு வாங்கித் தரப்போறார்.”

“அவருக்கு எவ்வளவு?”

“வாய்தாவுக்கு வாய்தா அலகு நிறைய. மானப் பிரச்சினையாச்சே!”

“பிள்ளைக்கு ரெண்டு பழம் போதுமே.”

“அது வீண்செலவு.”

பெண் இருவாச்சி மண்ணைக் கொத்தி உடைத்தது. அடைகாக்கும்போது உதிர்ந்த இறகு மறுபடி சரியாக முளைக்காமலே, தத்திப் பறந்து குரங்கின் மரத்தடியில் இறங்கியது. வக்கீல் ஒரு கடி கடித்து எறிந்த பழங்கள் அங்கே குவிந்து கிடந்தன.

“வக்கீலய்யா, கேஸைச் சீக்கிரம் முடிச்சிராதீங்க” என்றது அது. “என் பிள்ளை இன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிடப் போகுது.”